மின்சாரப் பல்துலக்கி: பெட்டியைப் பார்க்கும் முன் கையைப் பாருங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றுக்கான உரையின் எழுத்து வடிவம்)



பேரங்காடியிலோ மருந்துக் கடையிலோ பற்பசை வாங்கப் போகிறவர்களின் கண்ணில் இப்போது தவறாமல் படுவது மின்சாரப் பல்துலக்கி. வீட்டு வழக்கில் சொன்னால் எலெக்ட்ரிக் பிரஷ். முப்பது வெள்ளிக்கும் கிடைக்கிறது; பல நூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது. ஒரு பெட்டியில் 'சோனிக்' என்று எழுதியிருக்கிறது. இன்னொன்றில் ஐந்து விதமான வேகம், கைப்பேசிச் செயலி, பயணப் பெட்டி என்று பட்டியல் நீள்கிறது. எதை எடுப்பது என்று தெரியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. விலை கூடினால் தரமும் கூடும் என்று நம்பிக் கடன் அட்டையை நீட்டுகிறவர்களும் உண்டு.

தீபாவளிக்கு அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்கலாமா, அப்பாவுக்கு ஒத்துவருமா, பள்ளி போகும் பிள்ளைக்குத் தேவையா என்ற கேள்விகள் குடும்பங்களில் எழுகின்றன. இவற்றுக்குப் பதில் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்காது. பிரஷைப் பிடிக்கப் போகிற கை எப்படிப்பட்டது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், வாங்க வேண்டுமா வேண்டாமா என்பதும், வாங்கினால் எதை வாங்குவது என்பதும் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

பலவீனமான கைக்காகப் பிறந்த கருவி

இந்தக் கருவியின் வரலாறே இதற்குச் சான்று. பரவலாக அறியப்பட்ட முதல் மின்சாரப் பல்துலக்கி 1954ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் உருவானது. பிலிப்-கி வூக் என்ற மருத்துவர் அதை வடிவமைத்தார். பெயர் பிராக்ஸோடென்ட். கைகளைச் சரிவர அசைக்க முடியாத நோயாளிகளையும், பற்களுக்குக் கம்பி கட்டியவர்களையும் மனத்தில் வைத்தே அது செய்யப்பட்டது. நேராகச் சுவரிலுள்ள மின்சாரத்தில் செருகித்தான் அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஈரமான குளியலறைக்கு அது உகந்ததல்ல என்பதால், 1961ஆம் ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் மின்னேற்றிப் பயன்படுத்தும் கம்பியில்லா பிரஷை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்று கடைகளில் இருக்கும் இரண்டு முக்கிய வகைகளும் 1990களின் தொடக்கத்தில் வந்தவை. 1991ஆம் ஆண்டில் பிரவுன் ஓரல்-பி நிறுவனம் சிறிய வட்டத் தலை கொண்ட பிரஷை அறிமுகப்படுத்தியது. அந்தத் தலை முழுச் சுற்றுச் சுற்றாமல், வலமும் இடமுமாக மாறி மாறித் திரும்பும். 1992ஆம் ஆண்டில் சோனிகேர் வந்தது. அதன் நீளமான தலை நிமிடத்துக்குச் சுமார் 31,000 அசைவுகள் வீதம் பக்கவாட்டில் அதிரும். அந்த வேகத்தைத்தான் 'சோனிக்' என்ற சொல் குறிக்கிறது.

உடல்நலம் குன்றியவர்களுக்காகத் தோன்றிய ஒரு பொருள், காலப்போக்கில் நவீன வாழ்க்கையின் அடையாளமாக விளம்பரம் செய்யப்பட்டது. அதனால் அது உண்மையில் தேவைப்படும் முதியவர் சாதாரண பிரஷோடு போராடுகிறார். நன்றாகத் துலக்கத் தெரிந்த இளையர் விலை உயர்ந்த பிரஷுக்குச் செலவழிக்கிறார்.

ஆய்வுகள் சொல்வது என்ன?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014ஆம் ஆண்டில் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அதன் முதல் ஆசிரியர் மலேசியப் பல் மருத்துவர் முனிரா யாக்கோப் என்பது இவ்வட்டாரத்துக்குப் பெருமை. 56 ஆய்வுகளும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களும் அந்தத் தொகுப்பில் இடம்பெற்றனர்.

பல்லின் மேல் வழவழப்பாகப் படியும் கிருமிப் படலத்தைப் பற்படலம் என்கிறார்கள். பல்சொத்தைக்கும் ஈறு நோய்க்கும் அதுதான் மூலகாரணம். மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் ஒன்று முதல் மூன்று மாதங்களில் பற்படலம் 11 விழுக்காடு குறைவாகவும், மூன்று மாதங்களுக்குப் பின் 21 விழுக்காடு குறைவாகவும் இருந்தது. ஈறு அழற்சி முறையே 6 விழுக்காடும் 11 விழுக்காடும் குறைந்திருந்தது. பக்கவிளைவுகள் சிறியவையாகவும் தற்காலிகமானவையாகவுமே இருந்தன.

ஆக, பயன் உண்டு. ஆனால் அது அளவான பயன். நீண்டகாலத்தில் பல் நிலைப்பதற்கு இந்த வித்தியாசம் எவ்வளவு உதவும் என்பது தெளிவாகவில்லை என்று அந்த அறிக்கையே எச்சரித்தது. பின்னர், ஜெர்மனியின் பொமரேனியா பகுதியில் 11 ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2019ஆம் ஆண்டில் வெளியானது. மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களிடம் கூடுதல் பற்கள் எஞ்சியிருந்ததை அது காட்டியது. அப்படிப்பட்டவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் கூடுதல் அக்கறை கொண்டவர்களாக இருந்திருக்கலாம் என்பதையும் சேர்த்தே அந்த முடிவைப் படிக்க வேண்டும்.

வட்டத் தலை பிரஷ் பக்கவாட்டில் அதிரும் பிரஷைவிடச் சற்று நன்றாகத் துலக்குவதாகச் சில ஒப்பீடுகள் காட்டியுள்ளன. வித்தியாசம் மிகச் சிறிது. வாய்க்கு எது இதமாக இருக்கிறதோ, எதன் மாற்றுத் தலை எளிதில் கிடைக்கிறதோ, அதையே தேர்ந்தெடுக்கலாம்.

ஈறும் இனிப்பு நீரும்

பல் போனால் போகட்டும், பல்செட் கட்டிக்கொள்ளலாம் என்று நினைக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்தியக் குடும்பங்களில் இந்த நினைப்புக்குக் கொடுக்கும் விலை அதிகம். வீட்டில் 'இனிப்பு நீர்' என்று சொல்லப்படும் நீரிழிவு நோயே காரணம்.

மலேசியாவில் 2023ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு, நீரிழிவு இருக்கிறது. அந்நாட்டின் முக்கிய இனங்களில் இந்தியர்களிடையேதான் இந்நோய் மிகுதி. சிங்கப்பூரிலும் சீனர்களைவிட இந்தியர்களையும் மலாய்க்காரர்களையும் இது அதிகம் பாதிக்கிறது. 2016ஆம் ஆண்டில் சிங்கப்பூர் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாகவே அறிவித்தது.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கடுமையான ஈறு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இது இரு வழிப் பாதை. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனால் ஈறு கெடும். ஈறில் அழற்சி நீடித்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். ஈறு நோய் முற்றினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, சொத்தையே இல்லாத பல்கூட ஆடி விழும். பல் இல்லாதவர் காய்கறியையும் கடலையையும் ஒதுக்கிவிட்டுக் கஞ்சி, ரொட்டி, பிஸ்கட் என்று மென்மையான மாவுப் பண்டங்களுக்கு மாறுகிறார். அது மறுபடியும் சர்க்கரையில் போய் நிற்கிறது.

அதே வயதில் மூட்டுவாதம் விரல்களைப் பிடிக்கிறது. பக்கவாதம் வந்தவருக்கு ஒரு கை சுவாதீனம் இல்லாமல் போகிறது. நடுக்குவாதக்காரருக்குப் பிரஷை வாயில் நிறுத்துவதே பாடு. மகள் கவனித்து, "ஏம்மா, ஒரு பக்கம் மட்டுமே தேய்க்கிறீங்க?" என்று கேட்கிறாள். "அந்தப் பக்கம் கை திரும்ப மாட்டேங்குதும்மா" என்று பதில் வருகிறது. சோம்பேறித்தனம் என்று வீட்டார் நினைப்பது, பல வேளைகளில் கை ஒத்துழைக்காததுதான். ஈறுக்கு அதிகப் பராமரிப்பு தேவைப்படும் வயதும், அதைச் செய்ய வேண்டிய கை தளரும் வயதும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. இந்த இடத்தில் மின்சார பிரஷ் ஆடம்பரப் பொருளல்ல.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை?

தேவைப்படுகிறவர்கள் முதலில் இவர்கள்: விரல் மடங்காத, மணிக்கட்டு திரும்பாத முதியவர்கள், பக்கவாதம் கண்டவர்கள், பற்களுக்குக் கம்பி கட்டிய இளையர்கள், உடற்குறையுள்ள பிள்ளைகள். படுக்கையில் இருப்பவருக்குப் பல் துலக்கிவிடும் மகளுக்கும், மருமகளுக்கும், பணிப்பெண்ணுக்கும் இது உதவும். பிறர் வாய்க்குள் சாதாரண பிரஷை முன்னும் பின்னும் அசைப்பது சிரமம். மின்சார பிரஷைப் பல்லின் மேல் வைத்துப் பிடித்தால் போதும்.

அடுத்தவர்கள், அழுத்தித் தேய்த்தால்தான் சுத்தம் என்று பழகியவர்கள். தோட்டப்புறங்களில் உமிக்கரியாலும் உப்பாலும் பல் விளக்கி வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பழக்கம் கையில் ஊறியிருக்கிறது. மூன்றே வாரத்தில் பிரஷின் இழைகள் விரிந்து போகிறதென்றால் கை அழுத்துகிறது என்று பொருள். அப்படித் தேய்த்தால் ஈறு கீழிறங்கும், பல்லின் கழுத்து தேயும், குளிர்ந்த நீர் பட்டால் கூசும். இவர்களுக்கு, அழுத்தம் கூடினால் எச்சரிக்கும் வசதியுள்ள பிரஷ் நல்ல ஆசான்.

கை திடமாக இருந்து, மென்மையான இழைகளும் சிறிய தலையும் கொண்ட சாதாரண பிரஷால், ஈறோரத்தில் சாய்வாக வைத்து, இரண்டு நிமிடம் பொறுமையாகத் துலக்குகிறவருக்கு இயந்திரம் கட்டாயமில்லை. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமும் இரண்டு வகை பிரஷ்களையும் பயனுள்ளவை என்றே ஏற்றுக்கொள்கிறது. அந்தப் பணத்தைப் பல் மருத்துவரிடம் பற்காரை எடுப்பதற்குச் செலவிடலாம். இறுகிய பற்காரையை எந்த விலை பிரஷாலும் எடுக்க முடியாது.

இதய முடுக்கி பொருத்தப்பட்டவர்கள் வாங்குவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு அவர்களின் வயதுக்கென்று செய்யப்பட்ட சிறிய, மென்மையான தலையே வேண்டும். ஏழு வயது வரையாவது பெரியவர் ஒருவர் உடனிருந்து துலக்கிவிடுவது நல்லது.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, இரண்டு நிமிடக் கணக்கு. பலர் பல் துலக்குவது ஒரு நிமிடத்தைக்கூட எட்டுவதில்லை. இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும் பிரஷ், அதிலும் முப்பது விநாடிக்கு ஒரு முறை லேசாக விட்டு அதிர்ந்து, வாயின் அடுத்த கால்பகுதிக்குப் போகச் சொல்லும் பிரஷ், பணத்துக்கு ஏற்ற பொருள்.

இரண்டாவது, அழுத்த எச்சரிக்கை. அழுத்தினால் விளக்கு எரியும், அல்லது வேகம் குறையும். மிகக் குறைந்த விலைப் பிரஷ்களில் இது பெரும்பாலும் இருக்காது. இந்த ஒரு வசதிக்காகச் சற்றுக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

மூன்றாவது, தலை. இழைகள் மென்மையாகவும் நுனி மழுங்கியும் இருக்க வேண்டும். கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை எட்டும் அளவுக்குத் தலை சிறியதாக இருக்க வேண்டும்.

நான்காவது, கைப்பிடி. மின்னேற்றும் பிரஷ்களின் கைப்பிடி பருமனாக இருப்பதால் மூட்டுவாதக் கைக்குப் பிடிப்பது எளிது. ஆனால் சாதாரண பிரஷைவிடக் கனமும் கூடுதல். முடிந்தால் யாருக்கு வாங்குகிறோமோ அவரையே அழைத்துப் போய், பிடித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். பொத்தான் மெதுவாக அமுங்குகிறதா, ஈரக் கையில் வழுக்குகிறதா என்று பார்க்க வேண்டும். முதியவருக்கு ஒரே பொத்தானும் ஒரே வேகமும் போதும். ஐந்து வேகம் வைத்தால் ஐந்து குழப்பம்.

ஐந்தாவது, மின்கலம். டபுள் ஏ பேட்டரி போட்டு இயங்கும் மலிவு பிரஷ்களில், பேட்டரி தீரத் தீர வேகமும் குறையும். அன்றாடப் பயன்பாட்டுக்கு மின்னேற்றும் வகையே சிறந்தது. பெரும்பாலான கைப்பிடிகளில் மின்கலம் உள்ளேயே மூடப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. அதனால் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்டு, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் சென்று வாங்குகிறவர்கள், அந்த உத்தரவாதம் எல்லைக்கு இப்பாலும் செல்லுமா என்பதைக் கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறாவது, மின்செருகி. இணையத்தில் வாங்கும் பிரஷ்கள் சில, இரண்டு முனைச் செருகியோடு வருகின்றன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சுவரில் இருப்பது மூன்று துளை. மேல் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு இரண்டு முனையைத் திணிப்பது ஆபத்து. மலேசியாவில் சிரிம் முத்திரையும், சிங்கப்பூரில் பாதுகாப்பு முத்திரையும் உள்ள அடாப்டரைப் பயன்படுத்த வேண்டும். மின்னேற்றும் தட்டைத் தண்ணீர் தெறிக்காத இடத்தில் வைக்க வேண்டும்.

கைப்பேசிச் செயலி, வண்ணங்கள், 'வெண்மை' வேகம் ஆகியவை இருந்தால் இருக்கட்டும். அவற்றுக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வெற்றிலைக் கறையும் தேநீர்க் கறையும் ஓரளவுதான் போகும். மீதி பல் மருத்துவரின் வேலை.

உண்மையான விலை எது?

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் விலை பாதிக் கதைதான். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலையை மாற்ற வேண்டும். ஆண்டுக்கு நான்கு, ஐந்து ஆண்டுக்கு இருபது.

உதாரணத்துக்கு, ஒரு பிரஷ் 100 வெள்ளி, அதன் தலை ஒன்று 30 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பிரஷ் 180 வெள்ளி, தலை 15 வெள்ளி. ஐந்து ஆண்டில் முதலாவதற்கு 100ம் தலைகளுக்கு 600ம் சேர்ந்து 700 வெள்ளி ஆகும். இரண்டாவதற்கு 180ம் 300ம் சேர்ந்து 480 வெள்ளிதான். மலிவு என்று நினைத்து எடுத்தது 220 வெள்ளி அதிகம் வாங்கிவிடுகிறது. ஆகவே, பிரஷைக் கையில் எடுக்கும் முன் பக்கத்தில் தொங்கும் மாற்றுத் தலையின் விலையைப் பாருங்கள். அது அக்கம்பக்கத்துக் கடைகளில் எப்போதும் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் தெரியாத பிரஷை மலிவு விற்பனையில் வாங்கி, ஆறு மாதத்தில் தலை கிடைக்காமல் தூக்கிப் போட்டால் முழுப் பணமும் வீண்.

ஒரே கைப்பிடியைக் கணவனும் மனைவியும் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு தலை வைத்துக்கொள்ளலாம். தலையை மட்டும் பகிரக் கூடாது.

வாங்கிய பிறகு

புதியவர்கள் பலர் செய்வது, மின்சார பிரஷையும் பழைய பிரஷைப் போலவே முன்னும் பின்னும் தேய்ப்பது. அசைவை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். கையின் வேலை, பிரஷை ஒவ்வொரு பல்லாக நகர்த்துவது மட்டும். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் லேசாக வைத்து, இரண்டு விநாடி நிறுத்தி, அடுத்த பல்லுக்குப் போக வேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என மூன்றும் முடிய வேண்டும். வாய்க்குள் வைத்த பிறகே பொத்தானை அழுத்தினால் நுரை சட்டையில் தெறிக்காது.

ஃபுளோரைடு கலந்த பற்பசை பட்டாணி அளவு போதும். துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் ஃபுளோரைடு பல்லில் தங்கும். காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை. இரவுத் துலக்கலை விடவே கூடாது. பற்களுக்கு இடையிலுள்ள சந்துகளை எந்த பிரஷின் தலையும் எட்டாது. அதற்குப் பல் நூலோ, இடைவெளிக்கென்று விற்கும் குட்டி பிரஷோ வேண்டும்.

முதல் சில நாள்கள் வாய் கூசும், சிலருக்குச் சிரிப்பு வரும். முதியவர்கள் பயந்து வைத்துவிடுவதும் உண்டு. ஒரு வாரம் உடனிருந்து பழக்கிவிட்டால் சரியாகிவிடும். ஈறில் சிறிது இரத்தம் வந்தால் துலக்குவதை நிறுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் இரத்தம் வந்தால், அல்லது பல் ஆடினால், பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும்போதே ஈறைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லலாம்.

ஆகவே, வரும் பண்டிகைக்கு வீட்டுப் பெரியவருக்கு வாங்கிக் கொடுக்க நினைப்பவர்கள் ஒரு வேலை செய்யலாம். நாளைக் காலை அவர் பல் துலக்கும்போது அருகில் நின்று பாருங்கள். விரல் பிடிக்கிறதா, மணிக்கட்டு திரும்புகிறதா, எத்தனை நேரம் துலக்குகிறார், எந்தப் பக்கம் விட்டுப்போகிறது என்று கவனியுங்கள். கை நன்றாக இருந்தால் நல்ல சாதாரண பிரஷும் பல் மருத்துவரிடம் ஒரு முன்பதிவும் வாங்கிக் கொடுங்கள். கை தளர்ந்திருந்தால், நேரக் கணக்கும் அழுத்த எச்சரிக்கையும் உள்ள, தலை எளிதில் கிடைக்கும், ஒரே பொத்தான் கொண்ட மின்சார பிரஷை வாங்குங்கள். அதோடு அந்த முதல் ஒரு வாரம் அவருடன் நிற்க நேரமும் ஒதுக்குங்கள்.